‘செத்துடுச்சு’, ‘காணோம்’: அக்கா வீட்டு மீன்தொட்டியின் ஒன்பது மாதம்

தாம்பரம் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப் போட்டால் 106 லிட்டர் வரும். அடியில் கல், மேலே இரண்டு விரல் இடைவெளி எல்லாம் கழித்தால் 90 லிட்டர்தான். திங்கட்கிழமை தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டார்கள். செவ்வாய் சாயங்காலம் மீன் வாங்கி விட்டார்கள்.

மொத்தம் இருபத்தைந்து மீன். நியான் டெட்ரா பத்து, கப்பி மூன்று ஜோடி, டைகர் பார்ப் நான்கு, ஒரு ரூபாய் நாணய அளவில் ஏஞ்சல் இரண்டு, கோல்டு ஃபிஷ் இரண்டு, அப்புறம் ‘தொட்டியைச் சுத்தம் பண்ணும்’ என்று சொல்லிக் கொடுத்த சக்கர் ஒன்று. எல்லாம் ஒன்றாகவே ஓடும், ஒன்றும் செய்யாது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் தன் கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று கோடு போட்டு வைத்திருந்தான்: தேதி, மீன், என்ன ஆச்சு. இந்த ஆய்வு முழுக்க அந்த நோட்டை வைத்துத்தான். வழக்கமாக என்னிடம் தொட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் “எல்லாம் செத்துப் போச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எது முதலில் போனது, எத்தனை நாள் இடைவெளி, உடம்பு கிடைத்ததா, வால் எப்படி இருந்தது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. இவன் எழுதி வைத்திருந்தான். “நியான் 3. காலைல பார்த்தா கீழ கிடக்கு. கலர் போயிடுச்சு.” இதுதான் முதல் வரி. மீன் விட்ட மறுநாள் காலை.

நோட்டின்படி முதல் ஐந்து நாளில் ஏழு நியான், ஒரு கப்பி. எட்டாம் நாள் ஒரு கோல்டு ஃபிஷ். பத்தாம் நாளுக்குள் இன்னும் இரண்டு கப்பி. அதோடு ஒரு தனி வரி: “கப்பி வால் எல்லாம் கிழிஞ்சிருக்கு. ஏஞ்சல்தான்னு நினைக்கிறேன்.” அக்கா போன் செய்தபோது, “மீனுங்க ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டே சாகுதுடா” என்றாள். கடையில் கேட்டால் சின்ன மீன் அப்படித்தான், வேறு வாங்கிப் போடுங்கள் என்றார்களாம். பன்னிரண்டாம் நாள் நான் போனபோது பதினான்கு மீன் மிச்சம்.

சண்டை நடந்தது உண்மை. ஆனால் அந்தப் பதினோரு சாவில் ஒன்றுகூட சண்டையால் வந்ததில்லை என்பதுதான் என் முடிவு. ‘எந்த மீனோடு எந்த மீன் சேரும்’ என்று கேட்டால் நாம் எல்லாரும் குணத்தைத்தான் பார்க்கிறோம். குணம் மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி தண்ணீர்.

நியானும் போர் தண்ணீரும்

அக்கா வீட்டு போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள கருவியே வேண்டாம். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நேரமெடுக்கும். இருந்தாலும் அளந்தேன். டிடிஎஸ் 1050. அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம்தான், கடினத்தன்மையைத் தனியாகச் சொட்டு மருந்து போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்ததில் ஜெர்மன் அளவில் 22 டிகிரி, அதாவது 390 பிபிஎம் பக்கம். பிஎச், அதாவது தண்ணீரின் புளிப்பு-கார அளவு, 8. தொட்டியின் வெப்பநிலை 31 டிகிரி.

நியான் டெட்ராவின் சொந்த ஊர் மேல் அமேசானின் சிற்றோடைகள். இலை தழை ஊறி தேநீர் நிறத்தில் இருக்கும் தண்ணீர், கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் போல மென்மையானது, புளிப்புப் பக்கம் சாய்ந்தது. பண்ணையில் பிறந்த நியான் இதைவிடக் கொஞ்சம் கடினமான தண்ணீரையும் தாங்கும். ஆனால் 22 டிகிரியில் ஒரே நாளில் கொண்டுவந்து விட்டால் தாங்காது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கடையில் அந்த நியான்கள் நன்றாகத்தானே இருந்தன? அந்தக் கடைக்கே போய், அனுமதி கேட்டு, நியான் தொட்டியில் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்தேன். 180. ஆர்ஓ தண்ணீர் கலந்து வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் அதை மறைக்கவும் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆக அந்தப் பத்து மீன்களும் 180 இலிருந்து 1050 க்கு ஒரு கால் மணி நேரத்தில் மாறியிருக்கின்றன.

பையன் பாவம், சொன்னபடியே செய்திருக்கிறான். கவரைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்க விட்டு அப்புறம்தான் பிரித்தான். மிதக்க விடுவது வெப்பத்தைச் சமன் செய்யும், உப்பைச் சமன் செய்யாது. கவரைப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம் பழக்கியிருந்தால் முதல் நாள் அதிர்ச்சி குறைந்திருக்கும். ஆனாலும் அந்தத் தண்ணீரில் நியான் நீண்ட நாள் நன்றாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

“அப்போ நாமளும் ஆர்ஓ தண்ணி ஊத்தலாமே மாமா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி, அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாரம் கால் பங்கு மாற்ற 22 லிட்டர் வேண்டும். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். வெயில் காலத்தில் லாரிக்கு போன் போட்டுக் காத்திருக்கும் வீட்டில் மீனுக்காக வாரம் அறுபது லிட்டரை வீணாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று, வெறும் ஆர்ஓ தண்ணீரில் பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் கார்பனேட் இருக்காது, ஒருநாள் திடீரென்று பிஎச் சரியும். கலந்துதான் ஊற்ற வேண்டும், ஒவ்வொரு வாரமும் அளந்து கலக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் மீன்தான் அனுபவிக்கும்.

அந்த வீட்டில் தண்ணீர் ஒரே மாதிரி வருவதும் இல்லை. போர் வற்றினால் லாரி, லாரி வராவிட்டால் வேறு லாரி. இந்த ஊர் தொட்டிக்கு கடினத்தைத் தாங்குவது மட்டும் போதாது, ஏற்ற இறக்கத்தையும் தாங்கும் மீன் வேண்டும். அந்த வகையில் கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் நான்கும் நமக்கென்றே வந்தவை. நடு அமெரிக்காவிலும் கரீபியன் பக்கத்திலும் கடினமான தண்ணீரில் வாழும் குட்டி போடும் மீன்கள். இன்று அவை சென்னையில் வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன கொளத்தூரின் மொட்டைமாடிகளிலும் சிமெண்ட் தொட்டிகளிலும் நம் போர் தண்ணீரிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்கின்றன. விலை குறைவு என்பதால் இவற்றை ‘ஆரம்பப் பாட மீன்’ என்று ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்படியானால் கப்பி ஏன் செத்தது?

தொட்டி பச்சையாக இருந்தது, அதாவது பக்குவப்படவில்லை. மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இங்கே கொடுத்த நேரம் ஒரு நாள்.

நான் பார்த்த அன்று அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம். இதே அளவு எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவு விஷமில்லை. அம்மோனியாவில் ஒரு பகுதிதான் செவுள் வழியாகப் புகுந்து கொல்லும் வடிவத்தில் இருக்கும். 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 8 என்றால் ஏழு சதவீதத்துக்கு மேல். நியானுக்கு ஆகாத அதே கடினத் தண்ணீர்தான், சுத்தமாக இருந்தால் கப்பிக்குச் சொர்க்கமாக இருந்திருக்க வேண்டியது, அம்மோனியாவோடு சேர்ந்து கப்பியையும் கொன்றது. நம் ஊர் வெயிலும் பிஎச்சும் சேர்ந்த தொட்டியில் அவசரத்துக்கு இடமே இல்லை.

இதில் கோல்டு ஃபிஷின் பங்கு பெரியது. சாப்பிட்டதை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் உடம்பு அதற்கு. லிட்டருக்கு இத்தனை அங்குல மீன் என்று ஒரு கணக்கு எல்லாரும் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். நீளம் இரண்டு மடங்கானால் உடம்பின் எடை எட்டு மடங்கு ஆகும். பத்து அங்குலத்துக்கு ஒரே கோல்டு ஃபிஷும் ஓர் அங்குலத்தில் பத்து நியானும் அந்தக் கணக்கில் சமம், தொட்டிக்கு அது ஒருநாளும் சமமில்லை. அதோடு கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் விரும்பும் கெண்டை இனம், 20 டிகிரி பக்கம் இருந்தால் நிம்மதியாக இருக்கும். 31 டிகிரியில் தண்ணீரில் ஆக்சிஜனே குறைவு. நோட்டில் எட்டாம் நாள் வரி இப்படி இருந்தது: “கோல்டு ஃபிஷ் மேல வந்து வாய வாய திறந்துச்சு. பசின்னு நினைச்சு சாப்பாடு போட்டேன்.” அந்த வரியை அவனிடம் விளக்கிச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை, ஆனால் சொன்னேன்.

அன்றே பாதித் தண்ணீரை மாற்றினோம். என் வீட்டில் இரண்டு வருடமாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிழியாமல், காயவிடாமல் ஈரத்தோடு கொண்டுபோய் வைத்தேன். பக்குவமான பஞ்சு இதில் செய்யும் உதவிக்கு ஈடே இல்லை. உணவு இரண்டு நாளைக்கு ஒரு முறை. மூன்று வாரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். சாவு நின்றது.

வால் கிழித்தது யார்?

ஏஞ்சல் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். பெரிய மீன், கொஞ்சம் மிடுக்கு. ஆனால் நாணய அளவு ஏஞ்சலுக்கு கப்பி வாலில் என்ன வேலை? விளக்கை அணைத்துவிட்டு, ஹால் டியூப்லைட் வெளிச்சத்தில், நாற்காலியைத் தள்ளிப் போட்டு அசையாமல் முக்கால் மணி நேரம் நானும் பையனும் உட்கார்ந்தோம். ஆள் பக்கத்தில் நின்றால் மீன் சாப்பாட்டுக்கு ஓடிவரும், அப்போது அதன் நிஜக் குணம் தெரியாது.

இருபதாவது நிமிடம் தெரிந்தது. டைகர் பார்ப் ஒன்று கப்பிக்குப் பின்னால் அரை அடி தள்ளி, வேறு எங்கோ போவது போல வந்தது. சட்டென்று ஒரு பாய்ச்சல், வால் நுனியில் ஒரு கடி, அடுத்த நொடி தன் கூட்டத்துக்குள் போய்விட்டது. கடித்த துணுக்கு வாயில்கூட இல்லை, அது பசியில்லை. கப்பி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. மூன்று நிமிடம் கழித்து ஏஞ்சலின் வயிற்றடியில் தொங்கும் நூல் போன்ற துடுப்பில் அதே கடி.

டைகர் பார்ப் கூட்டத்துக்குள் யார் பெரியவன் என்று எப்போதும் ஒரு போட்டி நடக்கும். கூட்டம் பெரிதாக இருந்தால் அந்தத் துரத்தல் தங்களுக்குள்ளேயே தீர்ந்துவிடும். நான்கு பேர் மட்டும் என்றால் அது வெளியே வழியும், மெதுவாக நீந்தும் நீள வால்காரர்கள் மேல் போய் விழும். இதைத் தெரிந்து வைத்திருந்ததால் தொட்டி பக்குவமான பிறகு, மே கடைசியில், இன்னும் நான்கு டைகர் பார்ப் வாங்கச் சொன்னேன். என் முடிவு அது, தவறான முடிவு. கடி குறைந்தது, நிற்கவில்லை. நோட்டில் வாரம் ஒன்றிரண்டு தடவை “ஏஞ்சல் மீசை கட்” என்று எழுதியிருந்தான். கூட்டத்தைப் பெரிதாக்குவது டைகர் பார்ப் மட்டும் இருக்கும் தொட்டிக்கு, அல்லது வேகமாக நீந்தும் குட்டை வால் மீன்கள் இருக்கும் தொட்டிக்கு நல்ல வழி. நீள வாலும் தொங்கும் துடுப்பும் கண்ணெதிரே இருக்கும்போது அது போதாது. ஜூன் நடுவில் எட்டையும் கடைக்கே திருப்பிக் கொடுத்தோம். மிச்சமிருந்த மூன்று கப்பியை பால்கனியில் ஒரு நீல டப்புக்கு மாற்றினோம். ஒரு மாதத்தில் வால் வளர்ந்துவிட்டது.

கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர், கொராமி இவற்றோடு டைகர் பார்ப்பையும் விடோ டெட்ராவையும் சேர்க்காதீர்கள். இதில் நான் இனி விதிவிலக்கு தேடப் போவதில்லை.

ஒரு சிவப்பு வட்டம்

ஜூன் கடைசியில் மிச்சமிருந்த ஒற்றை கோல்டு ஃபிஷின் விலாவில் எட்டணா அளவுக்குச் செதில் போய் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். நோய் என்று மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். சக்கர் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்ததை போட்டோ எடுத்து அனுப்பினான்.

மெதுவான, அகன்ற உடம்புள்ள மீனின் மேல் இருக்கும் வழவழப்பை சக்கர் சுரண்டித் தின்னும், முக்கியமாக அதற்குப் போதிய தீனி இல்லாதபோது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று அதற்குத் தனியாக யாரும் சாப்பாடு போடுவதில்லை. நாம் கையளவு பார்க்கும் இந்த மீன் ஒன்றரை அடி வரை வளரும். அது போடும் கழிவு அது தின்னும் பாசியைவிடப் பல மடங்கு.

அடுக்ககத்துக் காவலாளி அண்ணன், “ஏரில விட்ருங்க தம்பி, பொழைச்சுக்கும்” என்று நல்ல மனசோடுதான் சொன்னார். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினையே. தொட்டியிலிருந்து விடப்பட்ட சக்கர் தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டும், முள்ளால் வலையைக் கிழிக்கும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், விற்கவும் முடியாது. வலையில் அது மட்டுமே ஏறினால் மீனவருக்கு அன்றைய பிழைப்பு போச்சு. தயவுசெய்து எந்த மீனையும் ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். கடையில் பணம் திரும்பக் கேட்காமல் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இங்கேயும் அப்படித்தான் வாங்கிக்கொண்டார்கள். கோல்டு ஃபிஷ், தரைத்தளத்தில் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்குப் போனது.

காணோம்

அதுவரை நோட்டில் எல்லா வரியும் ‘செத்துடுச்சு’ அல்லது ‘கீழ கிடக்கு’. ஆகஸ்டில் முதல் முறையாக வேறு சொல்: “நியான் 1. காணோம்.” நான்கு நாள் கழித்து இன்னொன்று. அடுத்த வாரம் மூன்றாவது. உடம்பு இல்லை, ஃபில்டரில் இல்லை, தரையில் குதித்துக் கிடக்கவும் இல்லை.

அந்த மூன்று நியானும் ஏப்ரலின் உப்பையும் அம்மோனியாவையும் தாண்டிப் பிழைத்தவை. நான்கு மாதம் அதே ஏஞ்சலோடு ஒரே தொட்டியில் அமைதியாக இருந்தவை. அக்காவுக்கு நம்பவே முடியவில்லை. “இத்தனை நாள் ஒண்ணா இருந்துச்சேடா” என்றாள். ஏஞ்சலின் குணம் மாறவில்லை, வாய் வளர்ந்துவிட்டது. அமேசானில் ஏஞ்சலின் உணவில் இப்படிப்பட்ட சின்ன மீனும் உண்டு. கடையில் இரண்டும் அரை விரல் அளவில் இருக்கும்போது பொருத்தமாகத் தெரியும். நாம் பார்க்க வேண்டியது வளர்ந்து முடித்த அளவு. நியான் மூன்று சென்டிமீட்டரில் நின்றுவிடும். ஏஞ்சல் துடுப்போடு சேர்த்து ஒரு சாண் உயரம் வரும்.

டிசம்பரில் அந்த இரண்டு ஏஞ்சலும் ஜோடி சேர்ந்தன. ஆணும் பெண்ணும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஃபில்டர் குழாயின் மேல் வரிசை வரிசையாக முட்டை. பார்க்க அவ்வளவு அழகு. பெண் ஒரு வரிசை வைத்துவிட்டு நகர, ஆண் பின்னாலேயே வந்து தடவிக்கொண்டு போகும், ஒரு முட்டை வெள்ளையானால் பொறுக்கி எடுத்துவிடும். இடையில் பையன் ஆசையாக வாங்கி விட்டிருந்த மூன்று பிளாட்டியும் தொட்டியின் ஒரு மூலையில், ஹீட்டர் மாட்டும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஒடுங்கி நின்றன. மூன்றடித் தொட்டியில் இரண்டே முக்கால் அடியை ஏஞ்சல் எடுத்துக்கொண்டது.

இங்கேதான் வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஏஞ்சலை வைத்துக்கொண்டு அதற்கேற்ற தொட்டியாக மாற்றுவதா, அல்லது பல வகை மீன் ஒன்றாக நீந்தும் தொட்டியா? இரண்டும் ஒரே 90 லிட்டரில் முடியாது. அக்காவுக்கு ஏஞ்சல் மேல் பாசம், பையனுக்குப் பல வகை வேண்டும். ஒன்றேகால் அடி உயரம் வளர்ந்த ஏஞ்சலுக்குப் பற்றாது, ஒன்றரை அடியாவது வேண்டும் என்று சொன்னதும் அக்காவே விட்டுக்கொடுத்தாள். கொளத்தூரில் வீட்டிலேயே ஏஞ்சல் உற்பத்தி செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனோம். தானாக ஜோடி சேர்ந்த ஏஞ்சல் என்றால் அவர்களுக்குத் தனி மதிப்பு. அவர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பேரமே பேசாமல் பதிலுக்கு வேறு மீன் கொடுத்தார்.

இப்போது என்ன இருக்கிறது

இந்த முறை கேட்ட வரிசை வேறு. நம் குழாயில் வருவது என்ன தண்ணீர், வெயிலில் எத்தனை டிகிரி போகும்? அதில் வாழக்கூடியவற்றில் வளர்ந்த பிறகு ஒன்றின் வாயில் இன்னொன்று நுழையுமா? அப்புறம்தான் குணம், கூட்டத்துக்கு எத்தனை, தொட்டியின் எந்த உயரத்தில் நீந்தும் என்பதெல்லாம்.

நடுவில் பேர்ல் கொராமி மூன்று, ஓர் ஆணும் இரண்டு பெண்ணும். மேலே வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு அதற்கு உண்டு, ஆகையால் வெப்பத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். நியானின் நீலத்தை மறக்க முடியாத பையனுக்காக நியான் ரெயின்போ ஆறு. நியூ கினியா தீவின் பப்புவா பக்கத்து மீன், இரண்டரை அங்குலம் வளரும், நீல உடம்பும் சிவப்பு ஓரமும். கடினத் தண்ணீருக்குப் பழகிக்கொள்ளும். நல்ல துள்ளல் மீன், மூடி இல்லாமல் வைக்கக் கூடாது. பிளாட்டி ஐந்து, அதில் ஆண் ஒன்றுதான். ஆண் அதிகமானால் பெண்களை ஓயாமல் துரத்தியே இளைக்க வைத்துவிடும். பிளாட்டி போடும் குட்டியில் பாதியை கொராமி தின்றுவிடுகிறது, அதனால் கூட்டம் கட்டுக்குள் இருக்கிறது.

அடியில் எதுவும் விடவில்லை. அடியில் மேயும் ‘கோரி’ என்ற மீசை மீன் வேண்டும் என்று பையன் கேட்டான். கல் கூர்மையாக இருக்கிறது, அதன் மீசை தேய்ந்துவிடும், மணல் மாற்றிய பிறகு பார்க்கலாம் என்றேன். தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஒரு மீன் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

மே மாதத்தை நினைத்து ஒரு சின்ன ஃபேனை தண்ணீர்ப் பரப்பைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறோம். இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை நிரப்ப மட்டும் ஆர்ஓ தண்ணீர், ஒரு சொம்பு இரண்டு சொம்பு. போன ஞாயிறு லாரித் தண்ணீர்தான் கிடைத்தது. பையனே மீட்டரை நனைத்துப் பார்த்து 640 என்று நோட்டில் எழுதினான். தொட்டியில் 1000. “ஒரே நாள்ல ஊத்த வேணாம் மாமா, இன்னிக்கு அரை வாளி, நாளைக்கு அரை வாளி” என்றான். ஆன்டி குளோரினை எண்ணி எண்ணிச் சொட்டு விட்டுவிட்டு, வாளியை மூடி வைத்துவிட்டுப் படிக்கப் போனான்.